ஒரு துண்டு நிழல்



சில ஆண்டுகளுக்கு முன் வேலூரில் கார் ஒன்று வாங்கினேன். கைமாறி வந்த வண்டிதான். ஆனாலும் உள்ளே எல்லாம் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. குறிப்பாக அதன் டேஷ்போர்டு. ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீண்டிருக்கும் அந்த முகப்பைத் தொட்டால் மெத்தென்று இருக்கும். அதன் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. வாரம் தவறாமல் துடைத்து, பளபளப்புக்கென்று கடையில் விற்கும் எண்ணெய்ப் பசையான திரவம் ஒன்றைப் பூசி வந்தேன்.

முதல் கோடை தாண்டியது. இரண்டாம் கோடையில், வைகாசி மாதத்து மாலை ஒன்றில், ஏசி காற்று வரும் திறப்பின் மூலையில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. அழுக்கென்று நினைத்து விரலால் தேய்த்தேன். போகவில்லை. அடுத்த மாதத்துக்குள் அந்தக் கோடு சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, இரு விளிம்புகளும் காய்ந்த வாழைப்பட்டை போல மேலே சுருண்டுகொண்டன.

இருக்கைக்கு உறை தைக்கும் குஷன் கடைக்காரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஐம்பது வயதைக் கடந்தவர். "வாராவாரம் பாலிஷ் போடுறேன், அப்புறமும் ஏன்ணே இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். அவர் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாலிஷ் இருக்கட்டும் சார். மத்தியானத்துல வண்டி எங்க நிக்குது?" என்றார்.

வெட்டவெளியில்தான் நின்றது. அலுவலகத்துக்கு எதிரே, மேற்கே பார்த்தபடி, காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

டேஷ்போர்டு என்ற பெயர் குதிரை வண்டிக் காலத்தில் பிறந்தது. ஓடும் குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் வண்டியில் இருப்பவர் மேல் தெறிக்காமலிருக்க, முன்னால் ஒரு பலகையை நிறுத்தி வைத்தார்கள். சேறு தடுக்கும் பலகை என்பதே அந்தச் சொல்லுக்குப் பொருள். குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. அன்று சேற்றை வாங்கிக்கொண்ட பலகை இன்று வெயிலை வாங்கிக்கொள்கிறது.

வெயில் அதை என்ன செய்கிறது? மெத்தென்ற டேஷ்போர்டு பெரும்பாலும் மூன்று அடுக்காக இருக்கும். அடியில் கெட்டியான பிளாஸ்டிக். அதன் மேல் பஞ்சு போன்ற ஃபோம். எல்லாவற்றுக்கும் மேலே தோல் போல ஓர் உறை. அந்த உறை பல வண்டிகளில் பிவிசி. பிவிசி இயல்பாகவே விறைப்பான பொருள். வீட்டுக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அதை வளைந்து கொடுக்க வைப்பதற்காக, பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். சூடு ஏற ஏற இந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் சில நாள் மங்கலாக ஒரு பிசுக்கு படிந்திருக்குமே, துடைத்தாலும் துணியோடு இழுபடுமே, அதில் இப்படி வெளியேறியதும் கலந்திருக்கிறது. மென்மை தந்த பொருள் குறையக் குறைய, உறை சுருங்கி விறைத்துப் போகிறது.

இதோடு ஒளியின் வேலையும் சேர்ந்துகொள்கிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. நிறம் வெளுப்பதும் மேற்பரப்பு மாவு பூத்தாற்போல் ஆவதும் அதனால்தான். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. உடைந்தாலும் சில்லுகள் சிதறாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்தப் படலமே புற ஊதாக் கதிர்களில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் ஒற்றைத் தகடு. அவற்றின் வழியே இந்தக் கதிர்கள் ஓரளவு உள்ளே வருகின்றன. ஆக, முன்கண்ணாடிக்கு நேர் கீழே கிடக்கும் டேஷ்போர்டுக்கு முதல் எதிரி சூடுதான். வெளிச்சம் இரண்டாவது.

அந்தச் சூடு ஏன் அவ்வளவு ஏறுகிறது? டேஷ்போர்டைக் கறுப்பாகவும் அடர்ந்த சாம்பல் நிறமாகவும் செய்வதற்குக் காரணம் உண்டு. வெளிர் நிறமாக இருந்தால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து, ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும். கறுப்போ வருகிற வெயிலையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய வெப்பத்தை அது திருப்பி வெளியே விடும்போது, கண்ணாடி அதைக் கடக்க விடுவதில்லை. சூடான காற்றும் வெளியேற வழியின்றி உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து, 2018-இல் வெளியிட்டார்கள். வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்கள். நம் வேலூர், திருத்தணி, கரூர் பக்கத்துக் கோடை போலத்தான். வெள்ளி நிறக் கார்களையே வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தார்கள். உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி. ஸ்டியரிங் 53 டிகிரி. டேஷ்போர்டு 69 டிகிரி. அதே ரகக் கார்களை நிழலில் நிறுத்தியபோது டேஷ்போர்டின் சூடு 48 டிகிரிதான். நேயர்களே, வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே 21 டிகிரி வித்தியாசம். எந்தப் புட்டியில் அடைத்த எந்தத் திரவமும் இந்த 21 டிகிரியைக் குறைத்துத் தராது. குஷன் கடைக்காரரின் கேள்விக்குள் இருந்த பாடம் இதுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதல் வழி, நிழலைத் தேடுவது. புங்கமரமோ வேப்பமரமோ கிடைத்தால் நல்லது. நூறு அடி கூடுதலாக நடக்க வேண்டியிருந்தாலும் நடக்கலாம். தென்னை மரத்தடி மட்டும் வேண்டாம். பறவை எச்சம் விழுந்தால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும். மரம் இல்லாத இடத்தில் கட்டடத்தின் நிழல். முற்பகலில் அது மேற்குப் பக்கம் விழும்; பிற்பகலில் கிழக்குப் பக்கம். நாள் முழுவதும் வண்டி நிற்கப் போகிறது என்றால், பிற்பகல் நிழல் விழும் கிழக்குப் பக்கத்தையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, வண்டி பார்க்கும் திசை. நிழலே இல்லாத இடத்தில், வண்டியின் முதுகை மேற்குக்குக் காட்டி நிறுத்துங்கள். இரண்டு மணிக்கு மேல் சாய்ந்து வரும் வெயில் பின்கண்ணாடியில் விழும், டேஷ்போர்டு தப்பும். இதற்குக் காசு செலவில்லை. வண்டியை ஒரு முறை திருப்புகிற வேலைதான். ஆனால் உச்சிப் பொழுதுக்கு இது போதாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. முன்கண்ணாடி சாய்வாக இருப்பதால் அப்போதும் வெயில் உள்ளே இறங்கும்.

அதற்கு மூன்றாவது வழி, கண்ணாடியை மறைப்பது. வெள்ளித்தாள் போல மினுங்கும் மடக்கு சன்ஷேடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மினுங்கும் பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியின் அளவுக்குப் பொருந்தி, மூலைகளில் இடைவெளி விடாமல் நிற்க வேண்டும். வெளிப்பக்கம் போடும் மறைப்போ முழு கார் கவரோ இன்னும் நல்லது. வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே தடுக்கப்பட்டுவிடும். இவை எதுவும் கையில் இல்லையா? வெளுத்த துண்டு ஒன்றை விரித்து, டேஷ்போர்டின் மேல் போட்டுவிட்டு இறங்குங்கள். வெயிலை அந்தத் துண்டு வாங்கிக்கொள்ளும். வண்டியைக் கிளப்பும் முன் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். துண்டின் வெள்ளை கண்ணாடியில் தெரிந்தால் சாலை தெரியாது.

கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடு ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியையும் உள்ளே விட வேண்டும் என்கின்றன. 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்தது. பிறகு விதிகளில் திருத்தங்களும் வந்துள்ளன. கண்ணாடியில் எதை ஒட்டுவதற்கு முன்பும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி துடைப்பது பற்றி. பாலிஷே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் இடம் நிழலுக்கு அடுத்துத்தான். வண்டி சூடாக இருக்கும்போது எதையும் பூசாதீர்கள். முதலில் தூசியைத் தட்டுங்கள். மணல் துகளோடு தேய்த்தால் உறையில் கீறல் விழும். பிறகு பழைய பனியன் துணியையோ மைக்ரோஃபைபர் துணியையோ நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். கறை இருந்தால் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு போதும். சானிடைசர், பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. அது தூசியை இழுத்துப் பிடிக்கும். நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். வாங்குவதானால், தண்ணீரை அடிப்படையாகக் கொண்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று எழுதியிருக்கும், மினுமினுக்காத வகையை வாங்குங்கள். துணியில் தெளித்து, மெல்லப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அது படவே கூடாது, வழுக்கும். அதிகப் பளபளப்பும் ஆபத்து. எதிர்வெயிலில் ஓட்டும்போது அது கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்யும்.

டேஷ்போர்டின் மேல் பிள்ளையாரையோ வேளாங்கண்ணி மாதாவையோ வைத்துக்கொள்வது நம் வழக்கம். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். இடத்தை மட்டும் பார்த்து வையுங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் எதிரே ஏர்பேக் இருக்கும் வண்டிகள் இப்போது ஏராளம். 2021 முதல் புதிய மாடல்களில் அது கட்டாயம். விபத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உறையைக் கிழித்துக்கொண்டு விரியும். அதன் மேல் ஒட்டிய எந்தப் பொருளும் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் வந்து மோதும். ஏர்பேக்கை மூடும் விரிப்பும் அங்கே வேண்டாம். இன்னொன்று: இருபக்கப் பசை நாடா சூட்டில் உருகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். பிய்க்கும்போது உறையும் சேர்ந்து வரும்.

விரிசல் விழுந்துவிட்டால்? சட்டென்று ஒட்டும் பசையை ஊற்றாதீர்கள். அது கல்லாக இறுகி, பக்கத்திலேயே புது விரிசலுக்கு வழி செய்யும். சிறிய விரிசலை வளைந்து கொடுக்கும் பூச்சால் நிரப்பி நிறம் ஏற்றலாம். பெரியதென்றால் ரெக்சின் போர்த்தலாம். ஏர்பேக் பகுதியில் விரிசல் என்றால், குஷன் கடையில் கை வைக்க விடாமல், கம்பெனி சர்வீஸ் மையத்துக்கே போக வேண்டும். எதைச் செய்தாலும் வண்டி பழையபடி வெயிலில் நின்றால் அடுத்த கோடையில் மறுபடி விரியும்.

முடிக்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். டேஷ்போர்டு 69 டிகிரி என்று அளந்த அந்த அரிசோனா ஆய்வு, டேஷ்போர்டுக்காக நடந்ததன்று. காருக்குள் விடப்படும் குழந்தைக்கு என்ன நேரும் என்று அறியவே அவர்கள் அளந்தார்கள். வெயிலில் நிற்கும் காரில் இரண்டு வயதுக் குழந்தையின் உடல் வெப்பம் சுமார் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தொடலாம் என்று கணக்கிட்டார்கள். நிழலில் நின்ற காரிலும் இரண்டு மணி நேரத்துக்குள் அதே நிலைதான். பிளாஸ்டிக்குக்கு நிழல் போதும், குழந்தைக்குப் போதாது. கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கி வைத்தாலும் போதாது. ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று பிள்ளையையோ வயதானவரையோ நாய்க்குட்டியையோ உள்ளே விட்டுப் போகாதீர்கள்.

என் டேஷ்போர்டின் விரிசலை அந்தக் கடைக்காரர் நிரப்பிக் கொடுத்தார். கிட்டத்தில் பார்த்தால் தழும்பு தெரியும். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அந்தத் தழும்பு கண்ணில் படுகிறது. வண்டியைத் திருப்பி நிறுத்துகிறேன், துண்டை விரிக்கிறேன், பின் இருக்கையை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறேன்.

நாளை மத்தியானத்தில் உங்கள் வண்டி எங்கே நிற்கப் போகிறது?