தலையால் முட்டும் பந்து

நம் மாவட்டத்து மேலைக் கடற்கரையில், தூத்தூர், வள்ளவிளை முதலிய மீனவர் ஊர்களில், கால்பந்து உயிரோடு ஒன்றிய ஆட்டம். பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் செலுத்திய சிறுவனைத் தலைமையாசிரியனாயிருந்த நானும் தட்டிக்கொடுத்ததுண்டு. இன்று அவ்வாறு செய்யேன்.

தொழில்முறை ஆட்டக்காரராயிருந்தோர் மூளைச் சிதைவு நோயால் இறப்பது ஏனையோரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2019இல் கிளாஸ்கோ ஆய்வாளர் கண்டனர். முட்டுதலே காரணம் என்று அவ்வாய்வு அறுதியிடவில்லை, மெய்தான். ஆயினும் ஐயத்தின் பயன் பிள்ளையின் மூளைக்கன்றோ சேரவேண்டும்? அமெரிக்கக் கால்பந்துக் கழகம் 2015இலேயே பத்து வயதுக்குட்பட்டோர் முட்டுவதை விலக்கியது. இங்கிலாந்தும் ஸ்காத்லாந்தும் 2020இல் தொடக்கப்பள்ளிச் சிறுவரின் பயிற்சியிலிருந்து அதனை நீக்கின.

ஆட்டத்தை விடச் சொல்லவில்லை. கல்லூரி மாணவர்களே, மாலையில் தம்பிமார்க்கு ஆட்டம் பழக்குவோர் நீங்கள்தாம். பந்து தலைமட்டத்திற்கு எழும்பினால் விசில் ஊதுங்கள். மணலில் வைத்து மீண்டும் உதைக்கட்டும்.