குடவோலையும் இயங்குதளமும்



உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களைக் கண்டவர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919லும் 921லும், இவ்வூர்ச் சபையார் தங்கள் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டி வைத்தனர். குடத்திலிட்ட ஓலைகளுள் ஒன்றும் இன்று இல்லை. அவற்றில் எவர் பெயரை எழுதலாம், எவர் எடுக்க வேண்டும், எவ்வாறு படித்துக் காட்ட வேண்டும் என்னும் விதி மட்டும் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நிற்கிறது.

இக்காலக் கவிஞரின் ஓலை கணிப்பொறியே. பத்தாண்டுக் கவிதைகளும் கவியரங்க ஒலிப்பதிவுகளும் கையெழுத்துப் படிகளின் ஒளிப்படங்களும் யாரேனும் ஓர் உறுப்பினர் வீட்டு மேசைப் பொறியில் உறங்குகின்றன. அப்பொறியையே அனைவரும் எடுத்தாளும் பொதுக் களஞ்சியமாக்கினால் அது வீட்டுச் சேவையகம் எனப்படும். வன்தட்டு, நினைவகம், விசைப்பலகை ஆகிய உறுப்புகளையெல்லாம் ஆண்டு, கோப்புகளைக் காத்து, கேட்டபோது எடுத்துத் தரும் மென்பொருளே இயங்குதளம். எனவே இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது கடையில் பொருள் வாங்குவது போன்றதன்று. களஞ்சியத்திற்குக் காவலரை நியமிப்பது போன்றது.

காவலரை ஆராயாமல் நியமித்ததன் இழப்பைத் தமிழ் எழுத்துலகம் ஏற்கெனவே அறியும். 1990களில் தமிழைத் தட்டெழுத்துச் செய்தவர் பலரும் வெவ்வேறு எழுத்துரு முறைகளைக் கையாண்டனர். ஒரு பொறியில் வெண்பாவாக இருந்தது மறுபொறியில் பொருளற்ற குறிகளாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பெற்றன. யூனிகோடு முறையில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அது வழக்கில் வேரூன்ற நெடுங்காலம் பிடித்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் பொறி மாறி, இயங்குதளம் மாறி, எழுத்துருவும் தொலைந்தபோது படிக்க இயலாமற்போன கவிதைகள் எத்தனையோ!

அரசும் இவ்வினாவை எதிர்கொண்டது. தமிழ்நாடு மின்னணுக் கழகமாகிய எல்காட் நிறுவனம், திரு. சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் சுசே லினக்சுக்கு மாறியது. பின்னர் 2014 ஏப்ரல் 8ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்திற்கான ஆதரவு நின்றது. அதுகாலை, பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. அதனைப் படைத்தது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம். அதற்கு அடித்தளம் டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. பொறி நன்றாக ஓடிக்கொண்டிருக்க, அதன் காவலர் மட்டும் பணி விட்டு நீங்கும் நிலை இல்லந்தோறும் நேர்ந்தது.

இந்நிலையில் எதைத் தேர்வது? விடைக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இவ்வூர்க் கல்வெட்டே அளவுகோல் தருகிறது.

வாரிய உறுப்பினரின் பதவிக்காலம் 360 நாட்கள் என்று கல்வெட்டு வரையறுக்கிறது. அதுபோல, இயங்குதளத்தின் ஆதரவுக்காலம் முன்கூட்டியே அறிவிக்கப்பெற்றிருத்தல் வேண்டும். டெபியனின் நிலையான பதிப்பு ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவருகிறது. ஒவ்வொரு பதிப்பும் நீடித்த ஆதரவையும் சேர்த்து ஐந்தாண்டு பேணப்படுகிறது.

கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடம்பெறலாகாது. அவர்தம் உறவினர் பெயரும் இடம்பெறலாகாது என்பது இன்னொரு விதி. இயங்குதளத்தின் கணக்கு அதன் மூலநிரல். அதனை எவரும் படித்துப் பார்க்கலாம் என்றிருப்பதே கட்டற்ற மென்பொருளின் இயல்பு. எல்லாரும் படிப்பதில்லை என்பது மெய்தான். ஆயினும் படிக்க வல்லார் ஒருவர் எங்கேனும் படிப்பார் என்பதே காவல்.

கணக்கு மட்டும் போதாது, ஆளுகையும் வேண்டும். சென்டோஸ் என்னும் இயங்குதளமும் கட்டற்றதே. அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை பேணப்படும் என்று நம்பிச் சேவையகங்களில் நிறுவியோர் பலர். 2020 டிசம்பரில் முடிவு மாறிற்று. 2021 இறுதியோடு ஆதரவு நின்றது. ஒரு நிறுவனத்தின் கையில் முடிவு இருக்குமாயின், சொல் மாறுவதும் அதன் உரிமையாகிவிடுகிறது. 1993இல் அயன் மர்டாக் தொடங்கிய டெபியனோ 1997இல் தன் சமுதாய ஒப்பந்தத்தையும் 1998இல் தன் அமைப்புச் சட்டத்தையும் எழுதி வைத்தது. அதன் தலைவரை உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். இவ்வூரார் காதில் இச்செய்தி புதிதாக ஒலிக்காது.

ஒப்புமையை மிகைப்படுத்தலும் தகாது. இவ்வூர்ச் சபை ஒரு பிரமதேயச் சபை. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர் பெயரே குடத்தில் விழுந்தது. உழவர் பெயர் விழவில்லை. பெண்கள் பெயரும் விழவில்லை. டெபியனிலும் வாக்கு உரியது உழைத்து உறுப்பினரானவர்க்கே. ஆனால் அவ்வாயிலில் பிறப்பும் நிலமும் கேட்கப்படுவதில்லை. அதன் நிறுவல் திரைகள் தமிழிலும் தோன்றுகின்றன. தன்னார்வலர் சிலர் மொழிபெயர்த்ததால் தோன்றுகின்றன. சொல்லாட்சி மிக்க கவிஞர்கள் அப்பணியில் கை கொடுப்பாராயின் அத்தமிழ் இன்னும் செம்மையுறும்.

இனி நிறுவும் முறை. முதற்பணி நிறுவுதல் அன்று, படியெடுத்தல். எழுத்துகள் அனைத்தையும் இரு தனித்தனி வன்தட்டுகளில் படியெடுத்து, வேறொரு பொறியில் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்காத படி, படியாகாது. பழைய எழுத்துருவிலுள்ள கவிதைகளை, அவ்வெழுத்துரு உள்ள பொறி உயிரோடிருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்புநோக்கல் இன்றியமையாதது. ஒற்றும் கொம்பும் இடம் மாறுவது அங்கேதான்.

அடுத்து, பொறியின் தகுதி. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 பிட் இன்டெல் பொறிகளுக்கு நிறுவியைத் தரவில்லை. 64 பிட் பொறியா என்று பார்த்தல் நலம். நிறுவற் கோப்பை இறக்கி, அதன் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பொறியைத் தொடக்க வேண்டும். மொழி, ஊர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நிறுவி ஒவ்வொன்றாகக் கேட்கும்.

கை நடுங்க வேண்டிய இடம் ஒன்றே. அது வன்தட்டைப் பிரிக்கும் படிநிலை. அங்கே ஒப்புதல் அளித்தால் பழையது அழியும். அவ்விடத்தில் இயங்குதளத்திற்கு ஒரு பகுதியும், எழுத்துகளுக்கு மற்றொரு பகுதியும் எனத் தட்டைப் பிரித்தல் அறிவுடைமை. அவ்வாறு பிரித்தால், ஐந்தாண்டு கழித்து இயங்குதளத்தை மாற்றும்போது எழுத்துப் பகுதியைத் தொடாமலே மாற்றலாம். இவ்வூர் ஏரி வாரியத்து உறுப்பினர் அறுவரும் ஆண்டுதோறும் மாறினர், ஏரி மாறவில்லை.

சேவையகத்திற்கு அழகிய திரை முகப்புத் தேவையில்லை. தொலைவிலிருந்து பாதுகாப்பாகப் பணியாற்ற உதவும் எஸ்.எஸ்.எச். சேவை போதும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே நிறுவப்பெறுமாறு அமைத்தல் வேண்டும். மின்வெட்டுக்கு அஞ்சி ஒரு யு.பி.எஸ். வேண்டும். அனைத்தினும் மேலாக, கடவுச்சொல்லை ஒருவர் மட்டும் அறிந்திருத்தல் கூடாது. பொறியைப் பேணியவர் மறையும்போது களஞ்சியத்தின் திறவுகோலும் அவரோடு மறையுமானால், பத்தாண்டு உழைப்பும் பூட்டிய அறைக்குள் புதையும். முத்திரையிட்ட உறையில் எழுதி இருவரிடம் ஒப்படைத்தல் எளிய வழி. களஞ்சியம் எங்குள்ளது, எவ்வாறு திறப்பது, எவர் பொறுப்பு என்பதைத் தாளில் எழுதி வட்டத்தின் பதிவேட்டிலும் ஒட்டி வைத்தல் வேண்டும்.

நிறைவாக ஒன்று. 919இல் வெட்டிய விதியிலேயே சபையார் நின்றுவிடவில்லை. அவ்விதியின்படி, முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்குட்பட்டோர் தகுதியுடையவர். ஈராண்டில், 921இல், அது முப்பத்தைந்து முதல் எழுபது எனத் திருத்தப்பெற்றது. பிற விதிகளும் விரிவாக்கப்பெற்றன. பழைய கல்லை அவர்கள் அழித்துவிடவும் இல்லை. இரண்டும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. திருத்தத் தயங்காமையும் முன்னதை இழக்காமையும் ஒருங்கே வாய்ந்த ஊர் இது. எந்த இயங்குதளமும் என்றும் நில்லாது. இன்று தேர்ந்ததும் ஒருநாள் மாறியே தீரும். மாறும் காவலருக்கு விதி வகுத்து, மாறாத எழுத்தைத் தனியே காத்தல் ஒன்றே கவிஞர் செய்யத்தக்கது. அடுத்த பத்தாண்டு விழாவில் இம்மலரின் கவிதைகளை ஓர் இளங்கவிஞர் திறந்து, ஒற்றுப் பிழையின்றிப் படிப்பாராயின், அப்பணி நிறைவேறியதாகும்.