மழை வருமுன் கூரையைப் பாருங்கள்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது கூரையைப் பற்றி. ஆனால் கூரைப் பேச்சும் சம்பளப் பேச்சுதான் என்பதைக் கூட்டம் கலைவதற்குள் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நமக்குப் பனிக்காலம் கிடையாது. நமக்குக் குளிர்காலம் என்றால் அது மழைக்காலம்தான். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இருக்கிறது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டுகிறது. மேற்குக் கரையிலோ அக்டோபரிலேயே மாலை மழை பலத்துவிடுகிறது. 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தான் முதலிய மாநிலங்களில் 200,000 பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அது கிழக்குக் கரையின் தலைவிதி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2021 டிசம்பரில் சிலாங்கூரிலேயே பல இடங்கள் மூழ்கின.

இந்த மாதங்களில் நம் வருமானம் என்ன ஆகிறது? பட்டை நனைந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கிலுள்ள பால் தண்ணீரோடு வழிந்துபோகும். மழை விட்டதும் பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும். அப்போதும் பால் குறையும். ஆக, வீடு ஒழுகும் காலமும் கை வறளும் காலமும் சேர்ந்தே வருகின்றன. மழை வந்த பிறகு வீட்டைச் சரி செய்யலாம் என்பவன், காசில்லாத மாதத்தில் செலவைத் தேடிக்கொள்கிறான்.

தோழர்களே! ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இதில் குற்றவாளி நான்தான்.

2017-ஆம் ஆண்டில் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். செப்டம்பரில் ஒரு நாள், பால் நிறுத்து முடிந்ததும் ஓர் அம்மாள் ஆபீசுக்கு வந்தார். "கிராணியாரே, உள்ளறைக்கு மேலே தகரம் ஓட்டையாப் போச்சு. துரைகிட்டச் சொல்லுங்க" என்றார். "சொல்கிறேன் அக்கா" என்றேன். சொல்லவும் சொன்னேன். நிர்வாகி தலையை ஆட்டினார். அதோடு சரி. அக்டோபரில் மறுபடியும் வந்து கேட்டார். "சொல்லியாச்சு அக்கா" என்றேன்.

நவம்பரில் ஓர் இரவு பெய்த மழையில் அந்த அறை முழுவதும் நனைந்தது. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பேத்தியின் பிறப்புப் பத்திரம் இருந்தது. மறுநாள் எடுத்துப் பிரித்தபோது அது கையோடு பிய்ந்து வந்தது. அந்தப் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு 12 வயது. அடையாளக் கார்டு எடுக்கவேண்டிய வயது. பத்திரத்துக்கு நகல் வாங்க அந்த அம்மாள் பட்டணத்துப் பதிவு இலாகாவுக்கு மூன்று தடவை நடந்தார். பஸ் காசும் போயிற்று, மூன்று நாள் வேலையும் போயிற்று. அதுவும் மழையால் வெட்டு நாள் குறைந்த மாதத்தில்!

நிர்வாகத்திடம் போய்க் கேட்டோம். "இப்படி ஒரு புகார் வந்ததாகக் காகிதம் ஒன்றும் இல்லையே" என்றார்கள். அது உண்மை. காகிதம் இல்லாமல் செய்தவன் நான். ஒரு கிலோ பால் குறைந்தாலும் கணக்கில் ஏற்றுகிற இந்தக் கை, ஒரு வீட்டின் கூரையை ஏற்றவில்லை. அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "எழுதி வச்சிருக்கலாமே தம்பி" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே இந்த ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நல்ல வெயில் நேரத்தில் கதவு சன்னல்களை அடைத்துவிட்டு அண்ணாந்து பாருங்கள். எங்கே ஒளிப்புள்ளி தெரிகிறதோ அங்கேதான் மழை இறங்கும். அதற்கு நேர் கீழே தரையில் சுண்ணாம்பால் குறியிடுங்கள். ஆணி தளர்ந்த தகரத்தையும் கவனியுங்கள். காற்று முதலில் தூக்குவது அதைத்தான். ஒழுகும் இடத்துக்குப் பக்கத்தில் மின்சாரக் கம்பி ஓடினால் தொடாதீர்கள். அது வயர்மேன் செய்யவேண்டிய வேலை.

பெட்டியைச் செங்கல்மேல் பலகை போட்டு உயர்த்தி வையுங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகிய பிஸ்கோத்து டின்னில் வையுங்கள். கம்பளிகளை இப்போதே வெயிலில் காயவையுங்கள்.

லயத்துக் கால்வாயை எல்லோரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்புரவு செய்வோம். நம் லயங்களில் இன்று அயல்நாட்டுத் தோழர்களும் குடியிருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிடுங்கள், கால்வாய்க்கு நாடு தெரியாது. வாளி, டயர், உடைந்த மங்கு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டிங்கிக் கொசு முட்டையிட்டுப் பறப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும்.

இவையெல்லாம் நம் கையால் ஆகும் வேலை. புதுத் தகரம், உடைந்த கால்வாய், பழுதான கம்பி ஆகியவை நிர்வாகத்தின் வேலை. இது யாரும் போடும் பிச்சையன்று. தொழிலாளர் வீட்டுவசதிக்கென 1966-இல் ஒரு சட்டம் வந்தது. பிறகு அதன் இடத்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. குடியிருப்புத் தரும் முதலாளி அதைப் பழுதில்லாமல் வைத்திருக்கவேண்டும் என்பது அதன் விதி. அதைக் கவனிக்கவேண்டியது தொழிலாளர் இலாகா. ஆனால் சட்டத்துக்குக் காது கிடையாது, தோழர்களே! கண் மட்டும்தான் உண்டு. எழுதிக் கொடுத்தால்தான் அது பார்க்கும்.

வீட்டு எண், பழுது, தேதி இந்த மூன்றையும் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பிரதியைச் சங்கக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வெட்கப்படவேண்டாம். மாலை ஐந்து மணிக்கு மேல் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். நான் எழுதித் தருகிறேன். என் சகோதரக் கிராணிமார்களுக்கும் இதையே சொல்கிறேன். வாயால் கேட்ட புகாரைப் புத்தகத்தில் ஏற்றுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

கூரை ஒழுகினால் அடியில் பாத்திரம் வைப்பது நம் பாட்டன் காலத்துப் பழக்கம். இந்த ஆண்டு பாத்திரம் வைக்குமுன் ஆபீஸ் மேஜையில் காகிதத்தை வைப்போம்.