'நெகட்டிவ்' என்றால் நிம்மதியா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். நம் குடியிருப்பில் பல வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த விஷயத்தைப் பேசுகிறேன்.

ஃபென்டனில், ஆபரேஷனுக்கும் புற்றுநோய் வலிக்கும் டாக்டர்கள் தரும் மருந்து. மார்ஃபினைவிட சுமார் 100 மடங்கு வீரியம் உள்ளது. இதைக் கள்ளத்தனமாகத் தயாரித்து, வலி மாத்திரை போலவே செய்து விற்கிறார்கள். 2 மில்லிகிராம்கூட உயிரைப் பறிக்கலாம். 2016-இல் இறந்த பாடகர் பிரின்ஸ் சாப்பிட்டதும் அப்படிப்பட்ட போலி மாத்திரைதான் என்று விசாரணையில் தெரிந்தது. 2022-இல் அங்கே போதைப்பொருளால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் 70,000-க்கும் மேற்பட்ட மரணங்களில் ஃபென்டனில் வகை மருந்துகள் இருந்தன.

மயங்கியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். வழக்கமான 'ஓபியேட்' பரிசோதனை மார்ஃபின், கோடீன் போன்றவற்றைத்தான் கண்டுபிடிக்கும். ஃபென்டனிலின் அமைப்பே வேறு. அதற்கென்று தனிப் பரிசோதனை செய்யாவிட்டால் ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்றே வரும்.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று சொல்ல முடியாது. பதியாமலே விட்ட வவுச்சர் அதில் தெரியாது. இதுவும் அப்படித்தான். தேடாத பொருள் ரிப்போர்ட்டில் வராது.

2018-இல் கலிஃபோர்னியாவில் டைலர் என்ற இளைஞன் இறந்தான். ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் ஃபென்டனில் சேர்க்கப்படவில்லை. அவனுடைய தாயார் விடாமல் போராடினார். 2023 ஜனவரி 1 முதல், அம்மாநில ஆஸ்பத்திரிகள் போதைப்பொருளுக்காகச் சிறுநீரைப் பரிசோதித்தால் ஃபென்டனிலையும் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு 'டைலர் சட்டம்' என்றே பெயர்.

பிள்ளைகளிடம் மூன்று விஷயங்கள் சொல்லுங்கள். பரீட்சைக்காகவோ, தூக்கத்துக்காகவோ, நண்பர் கொடுத்தார் என்றோ கடையில் வாங்காத மாத்திரையைத் தொடக் கூடாது. யாராவது எழுப்பியும் எழாமல், மூச்சு குறைந்து, உதடு நீலமாக இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் 911-ஐ அழைத்து, நலாக்சோன் ஸ்ப்ரேயை மூக்கில் அடிக்க வேண்டும். 2023 முதல் அது மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில், "ஃபென்டனிலுக்கும் பார்த்தீர்களா?" என்று தயங்காமல் கேட்க வேண்டும்.

'என் பிள்ளை அப்படி இல்லை' என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இருந்தாலும் இந்த வாரம் போனில் பேசும்போது, திட்டாமல், இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.