செம்மறி மந்தைக்குப் பொலிகிடா தேர்ந்தெடுத்தல்
(ஆம்பூர் வட்டார விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் பயிரைப் பற்றிப் பாடம் சொல்பவன். ஆட்டைப் பற்றிப் பேச இவருக்கு என்ன வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். எனவே விதையிலிருந்தே தொடங்குகிறேன். கேழ்வரகு அறுவடையின்போது நன்கு முற்றித் திரண்ட கதிர்களைத் தனியே எடுத்துக் காயவைத்து, விதைக்கென்று வைக்கிறீர்கள். வீட்டில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதில் கை வைப்பதில்லை.

மந்தையில் நாம் செய்வது என்ன? பக்ரீத்துக்கு முன் வியாபாரி வருகிறார். வேகமாக வளர்ந்த கிடாவுக்குத்தான் நல்ல விலை சொல்கிறார். அது போய்விடுகிறது. விலை போகாமல் தங்கிய நோஞ்சான் கிடாவே அடுத்த ஈற்றில் எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பனாகிறது. குட்டிகள் வரவரச் சிறுத்துப்போகின்றன என்று குறைப்படுகிறோம். மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் ஒரு காரணம்தான். ஆனால் விதையை விற்றுவிட்டுப் பதரை விதைத்ததும் நாம்தானே!

ஒரு கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டைகள் வரை விடலாம். ஒரு பெட்டை மட்டமானால் அதன் குட்டியோடு நட்டம் போகும். கிடா மட்டமானால் அந்த ஆண்டின் குட்டிகள் அத்தனையும் மட்டம்.

குட்டி பிறந்த தேதியை ஒரு நோட்டில் குறியுங்கள். மூன்றாம் மாதம் பால் மறக்கும்போது சாக்கில் இட்டுத் தொங்கு தராசில் நிறுத்து எழுதுங்கள். ஆறாம் மாதம் மீண்டும் நிறுங்கள். ஒரே பருவத்தில் பிறந்த குட்டிகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பசும்புல் கண்ட குட்டியையும் கோடைச் சருகு தின்ற குட்டியையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல. இரட்டைக் குட்டி சற்று எடை குறைந்திருந்தாலும் உடனே தள்ளிவிடாதீர்கள். அது பாலைப் பங்கிட்டுக் குடித்து வளர்ந்தது. தவறாமல் ஈன்று, குட்டியைப் பால் குறையாமல் வளர்க்கும் தாயின் மகனாக இருப்பது நல்லது.

பிறகு உடலைப் பாருங்கள். கால்கள் நேராக இருக்க வேண்டும். கீழ்ப்பற்கள் மேல் ஈறோடு பொருந்த வேண்டும். விரைகள் இரண்டும் ஒத்த அளவில், கைக்குத் திண்ணென்று இருக்க வேண்டும். ஒற்றை விரைக் கிடா எவ்வளவு கொழுத்திருந்தாலும் பொலிக்கு ஆகாது.

நம் பகுதியில் தோலையும் மறக்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தொழிற்கூடங்களில் சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய பிறகுதான் தோலின் குறைகள் வெளிப்படும். முள் கீறலும் அம்மைத் தழும்பும் உண்ணிக்கடியும் பராமரிப்பால் வருபவை. அவை தகப்பனிடமிருந்து வருவதில்லை. தோலின் இயல்போ இனத்தோடு வருவது. கம்பளி ஆட்டுத் தோலில் அடுக்குகளின் பிடிப்புத் தளர்ந்திருக்கும். ஆகையால் கம்பளிக் கிடாவைக் கலக்காதீர்கள். நம் வட்டாரத்துச் சென்னை சிவப்பு மயிரின ஆடு. சேலம் பக்கத்து மேச்சேரி ஆடும் அப்படியே. மேச்சேரித் தோலுக்குத் தனிப் பெயர் உண்டு. அந்த இனத்துக்கென்றே பொட்டனேரியில் 1978-இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

"நல்ல கிடாவை நிறுத்திக்கொண்டால் பண்டிகைப் பணத்துக்கு எங்கே போவது?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். கேள்வி நியாயமானது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் என்ற விவசாயி தம் பொலிகிடாக்களைப் பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார். பணமும் வந்தது, எந்தக் கிடாவின் குட்டி நன்றாக வளர்கிறது என்பதும் அடுத்தவர் மந்தைகளிலேயே தெரிந்துவிட்டது. நீங்களும் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாவை நிறுத்தலாம்; விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையை உடையவருக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். ஒன்றரை வயதில் பொலிக்கு விடுங்கள். தன் மகள்களோடு சேராதபடி, இரண்டு ஆண்டுகளில் பக்கத்து ஊர்க் கிடாவோடு மாற்றிக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வளர்க்கும் கிடாக்குட்டிகளை நான்காம் மாதமே பெட்டைகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். இல்லையேல் நீங்கள் தேர்ந்தெடுத்த கிடாவுக்கு முன்னால் அவை முந்திக்கொள்ளும்.

வரும் பக்ரீத்துக்கு வியாபாரி வரும் முன்பே அந்த ஒரு கிடாவின் காதில் அடையாளமிட்டு வையுங்கள். அவர் விலையை ஏற்றிக் கேட்பார்.