பிழையும் பொய்யும்



வாய்மை பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். அரசியல் எழுத்தை வைத்து அதனைப் பேச விழைகின்றேன். விழா மேடையில் அரசியலா என நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். நம் இல்லங்களில் நாள்தோறும் பேசப்படுவது அதுதானே! நமக்கு ஒவ்வாததை எழுதியவரைப் ‘பொய்யர்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அச்சொல்லை நாம் எப்போது சொல்லலாம்?

1948 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. ட்ரூமனை டூயி வென்றார் என்று சிகாகோ டெய்லி டிரிபியூன் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டது. வென்றவரோ ட்ரூமன். அவர் பெற்ற தேர்வாளர் வாக்குகள் 303. டூயி பெற்றவை 189. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் இதழை முன்னதாகவே அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எண்ணிக்கை முடியுமுன் கணிப்பை நம்பித் தலைப்பிட்டனர். ட்ரூமனை வெறுத்த இதழ் அது. விரும்பியதை நம்புவது எவர்க்கும் எளிது. எனினும் அதனைப் பொய் என்னேன். பிற்பதிப்பிலேயே தலைப்பை மாற்றிவிட்டனர்.

குற்றமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பொய்மைக்கு இலக்கணம் கூறும் நம் நூல்கள் ‘பிரமாதம்’ என்னும் சொல்லை ஆள்கின்றன. விருப்பு வெறுப்பால் நேரும் விழிப்பின்மை என்பது அதன் பொருள். நாமோ பேச்சு வழக்கில் அதனைப் பாராட்டுச் சொல்லாக்கிவிட்டோம்!

மற்றொரு நிகழ்ச்சி வேறு வகையானது. 1933 மார்ச்சில் வேல்சு நாட்டு இளைஞர் கேரத் ஜோன்ஸ் உக்ரைன் சிற்றூர்களில் நடந்து சென்று, உணவின்றி மடியும் உழவரைக் கண்டார். 29ஆம் நாள் பெர்லினில் அதனை வெளியிட்டார். இரண்டே நாளில் நியூயார்க் டைம்ஸ் இதழின் மாஸ்கோ செய்தியாளர் வால்டர் டுராண்டி மறுத்தெழுதினார். பசி உண்டு, பட்டினிச் சாவு இல்லை. ஊட்டக்குறைவால் வரும் நோய்களால் சாவு மிகுந்துள்ளது என்பது அவர் கூற்று. இவ்விரண்டிற்கும் வேறுபாடு என்ன? மடிந்தவனின் தாய்க்கு ஒன்றுமில்லை. உக்ரைனில் மட்டும் 35 முதல் 40 இலட்சம் பேர் மாண்டனர் என்பது இன்றைய ஆய்வாளர் பலர் கொள்ளும் அளவு.

அவர் அறியாமல் எழுதினாரா? அவ்வாண்டு செப்டம்பரில் மாஸ்கோவிலுள்ள பிரிட்டிஷ் தூதரகத்தாரிடம், நேராகவோ மறைமுகமாகவோ ஒரு கோடிப்பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று டுராண்டி கூறியமை தூதரகக் குறிப்பில் உள்ளது. அந்த எண்ணைத் தம் வாசகர்க்கு அவர் சொல்லவில்லை. அறைக்குள் ஒரு சொல், அச்சில் ஒரு சொல். பொய்யர் என்று ஒருவரைக் கூற எனக்கு இத்தகைய சான்று வேண்டும். அவர் கட்சி எது என்பது போதாது.

ஜோன்ஸ் தம் கூற்றில் உறுதியாக நின்றார். 1935இல், முப்பதாம் பிறந்தநாளுக்கு முதல்நாள், சீன எல்லைப்புறத்தில் கொல்லப்பட்டார். டுராண்டி 1932இல் பெற்ற புலிட்சர் பரிசைத் திரும்பப் பெற வேண்டும் என்ற கோரிக்கையை அக்குழு 2003இல் ஆராய்ந்தது. பரிசு பெற்ற கட்டுரைகள் 1931இல் எழுதப்பட்டவை. அவற்றில் வேண்டுமென்றே ஏமாற்றியமைக்குத் தெளிவான சான்று இல்லை என்று கூறிப் பரிசை அவ்வாறே விட்டுவிட்டது. பலர் வருந்தினர்; நானும் வருந்தினேன். ஆயினும் 1933இல் சொன்ன பொய்க்காக 1931இன் எழுத்தையும் பொய் என முத்திரையிட அவர்கள் தயங்கியதை என்னால் குறைகூற இயலவில்லை.