வீட்டில் ஒரு படிப்பறை

(கள்ளக்குறிச்சி வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாற்றங்காலில் செழித்த நாற்றும் நடவு வயலில் வேர் பிடிக்காவிடில் கதிர் ஈனுவதில்லை. பள்ளிக்கூடம் நாற்றங்கால், வீடே நடவு வயல். காலையில் கற்ற பாடம் மாலையில் வீட்டிலே வேர் பிடித்தல் வேண்டும்.

இவ்வுண்மையைக் கொரோனாக் காலம் நமக்குக் கசப்பாக உணர்த்தியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகளில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் தொடங்கின. இடையில் எழுத்தை மறந்த குழந்தைகள் பலர். அவ்விழப்பை ஈடு செய்யவே, 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பெற்றது. தன்னார்வலர் ஒருவருக்கு ஏறத்தாழ 20 குழந்தைகள்; மாலையில் ஒன்றரை மணி நேரம்; திண்ணையும் முற்றமுமே வகுப்பறை. கற்பிப்பதற்கு முதலில் வேண்டுவது மாளிகையன்று; ஓரிடமும், ஒரு நேரமும், அக்கறையுள்ள ஓர் ஆளுமே என்பதை அத்திட்டம் மெய்ப்பித்தது.

கல்வராயன் மலையில் இதன் தேவை இன்னும் பெரிது. ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. பிழைப்பை நாடிப் பெற்றோர் பலர் வெளியூர்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்கின்றனர். அவ்வேளையில் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றால் படிப்பு அங்கேயே அறுந்துவிடுகிறது. பாட்டனார் பாட்டியிடம் விட்டுச் செல்வதாயின், அந்தி வேளையில் அப்பிள்ளையை அமர்த்திப் படிக்க வைக்க ஓர் இடம் ஊரில் இருத்தல் வேண்டும். அவ்விடம் இருந்தால், பிள்ளையை விட்டுச் செல்லும் பெற்றோருக்கும் துணிவு பிறக்கும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. தனி அறை இல்லையேல், அடுப்புப் புகை எட்டாத ஒரு மூலையோ திண்ணையோ போதும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் வெளிச்சம் இரட்டிக்கும். பழைய பலகையொன்றை இழைத்து, கரித்தூளைக் கோவை இலைச்சாற்றில் குழைத்துப் பூசிக் காயவிட்டால் கரும்பலகை ஆயிற்று. புளியங்கொட்டை எண்ணப் பழக்கும். பத்துப் பத்தாகக் கட்டிய சோளத்தட்டைத் துண்டுகள் இடமதிப்பைக் காட்டும். சாமை அளக்கும் படி முகத்தலளவையைக் கற்பிக்கும். அமர ஒரு பாய், நூல்களை வைக்கச் சுவரில் ஒரு பலகை, இவை வீட்டிலேயே கிடைப்பவை.

விலை கொடுத்து வாங்க வேண்டியது விளக்கு ஒன்றே. 9 வாட் எல்.இ.டி. விளக்கை நாள்தோறும் 2 மணி நேரம் எரித்தாலும், 30 நாளில் செலவாகும் மின்சாரம் அரை யூனிட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவே. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடப்புறத்திலிருந்து வெளிச்சம் விழுமாறு விளக்கை அமைத்தால், கையின் நிழல் ஏட்டை மறைக்காது.

பொருள் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. குறித்த நேரத்தில் விளக்கேற்றி, வானொலியையும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் ஒதுக்கி, பெரியவர் ஒருவர் அருகில் அமர்தல் வேண்டும். எழுத்தறியாத பாட்டியும் "இன்று என்ன படித்தாய், சொல் கண்ணு" என்று கேட்கலாம். பிள்ளை சொல்லச் சொல்லப் பாடம் மனத்தில் நிலைக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். இப்படிப்பறை பள்ளிக்குத் துணையேயன்றி மாற்றன்று. 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையை 2009ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியுள்ளது. "வீட்டிலேயே படிக்கிறான்" என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்பாதிருத்தல் அவ்வுரிமையைப் பறிப்பதாகும்.

ஊராட்சி உறுப்பினர்களே! 1958 முதல், நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித் துறையை வழிநடத்திய காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. நிலம் தந்தோர் உண்டு. நாற்காலியும் கரும்பலகையும் தந்தோரும் உண்டு. அவ்வழி இன்றும் நமக்கு உகந்ததே. அடுத்த கிராம சபையில், மாலையில் வெறுமையாய்க் கிடக்கும் பொது இடம் எது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஊரில் இருக்கும் இளைஞர் யார், வெளியூர் சென்றோரின் பிள்ளைகள் எத்தனை பேர் என்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடைகளை ஓர் ஏட்டில் எழுதிக்கொண்டால், பாதி வேலை முடிந்ததாகும்.

அந்தியில் மாட்டைக் கட்டியதும் தீவனம் வைக்க நாம் மறப்பதில்லை. அதே வேளையில் பிள்ளைக்கு விளக்கேற்றவும் மறவாதிருப்போமாக!